நெஸ்காந்தாகாவின் குடிநீர் முதல் சாசனத்தின் 33ஆம் பிரிவு வரை: கனடாவில் உரிமை கைக்கு வர ஏன் இவ்வளவு காலம்?

#1 மருதம்

வணக்கம் எல்லோருக்கும். ரொறன்ரோவில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். இதே ஒன்ராறியோ மாகாணத்தில், தண்டர்பேயிலிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே நெஸ்காந்தாகா என்றொரு முதற்குடிக் (கனடாவின் பூர்வகுடி மக்கள், First Nations) கிராமம் இருக்கிறது. சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே 1995 பெப்ரவரியில், தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தல் போட்டார்கள். 30 ஆண்டு கடந்தும் அதை எடுக்கவில்லை. அந்த ஊரில் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடித்த நினைவே இல்லாதவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். 2020 அக்டோபரில், கோவிட் நேரத்தில், நீர்த்தொட்டியில் எண்ணெய்ப் படலம் கண்டதும் ஊரையே காலி செய்து தண்டர்பேக்குக் கொண்டுவந்து, டிசம்பர் வரை ஹோட்டல் அறைகளில் வைத்திருந்தார்கள்.

இன்னொரு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2000 மே மாதம் தெற்கு ஒன்ராறியோவின் வாக்கர்ட்டனில் குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்தது. 7 பேர் இறந்தார்கள், 2,000க்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். உடனே நீதிபதி ஓ'கோனர் தலைமையில் விசாரணை, 121 பரிந்துரைகள், 2002இல் மாகாணத்துக்குப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம். அந்தச் சட்டம் ரிசர்வ் நிலத்துக்கு, அதாவது முதற்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு, பொருந்தாது. ரிசர்வ் மத்திய அரசின் பொறுப்பு, தண்ணீர் மாகாணத்தின் பொறுப்பு. ரிசர்வில் ஓடும் தண்ணீர் யாருடைய பொறுப்பு?

நான் பேச விரும்புவது இதைத்தான். கனடாவில் 'உனக்கு உரிமை இல்லை' என்று ஒருவரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. 'உரிமை இருக்கிறது, ஆனால் அது எங்கள் திணைக்களத்தின் வேலையில்லை' என்கிறார்கள். மறுக்கப்பட்டதே தெரியாமல் தலைமுறைகள் கடந்துவிடுகின்றன. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

#2 செல்வன்77

மருதம், தகவல் சரி. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் இந்த நாட்டுக்கு அநியாயம் செய்கிறோம் என்று நினைக்கிறேன்.

நான் 80களின் கடைசியில் அகதியாக வந்தவன். ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் என் கதையைச் சொல்ல முடிந்தது. அது தானாகக் கிடைக்கவில்லை. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பு நேரில் கேட்காமலே, கடதாசியைப் பார்த்து அகதிக் கோரிக்கையைத் தள்ளிவிடலாம். கனடிய மண்ணில் நிற்கும் எவருக்கும், குடிமகனாக இல்லாவிட்டாலும், கனடிய உரிமைச் சாசனத்தின் 7ஆம் பிரிவு (உயிர், சுதந்திரம் பற்றியது) பாதுகாப்புத் தரும் என்று அந்தத் தீர்ப்புத்தான் சொன்னது. எங்களில் எத்தனை ஆயிரம் பேருக்கு அது உயிர் கொடுத்தது!

தவறு செய்தால் ஒத்துக்கொள்ளும் நாடும் இது. இரண்டாம் உலகப் போரில் 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு அனுப்பியதற்கு 1988இல் மன்னிப்பும் நட்டஈடும் கொடுத்தார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளுக்காக 2008இல் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். 1983க்கும் 2009க்கும் நீதி தேடி அலைகிற எங்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தின் பெறுமதி தெரியும்.

#3 பனங்கூடல்

செல்வன் அண்ணை, அந்த மன்னிப்பின் பெறுமதியை நானும் குறைக்கவில்லை. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2007இல் ஐ.நா. பொதுச்சபையில் பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. மற்ற மூன்றும் அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. அதே 2007இல், ரிசர்வ் பிள்ளைகளின் நலனுக்கு மற்றப் பிள்ளைகளை விடக் குறைவாகப் பணம் ஒதுக்குகிறார்கள் என்று முதற்குடிப் பிள்ளைகளுக்காக உழைக்கும் சிண்டி பிளாக்ஸ்ரொக் அம்மையாரின் அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் மனித உரிமை முறைப்பாடு கொடுத்தன. 2008 ஜூனில் மன்னிப்பு. அப்புறம் ஆண்டுக்கணக்காக அந்த முறைப்பாட்டை எதிர்த்து அரசின் சட்டத்தரணிகள் வாதாடினார்கள்.

சிங் தீர்ப்பும் அரசு தானாகக் கொடுத்ததில்லை. அரசை எதிர்த்து வென்றது.

#4 வடதிசைத் தாதி

நான் தாதி. சில காலம் வடக்கு ஒன்ராறியோவில் வேலை செய்தேன். எந்த ஊர் என்று எழுத மாட்டேன், சின்ன ஊர்கள், ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

நான் இருந்த இடத்தில் நிரந்தர டொக்டர் இல்லை. மாதத்தில் சில நாட்கள் விமானத்தில் வருவார். மற்ற நாட்களில் நாங்கள் தாதிகள்தான், ரெலிபோனில் டொக்டரைக் கேட்டுக் கேட்டுப் பார்ப்போம். காலநிலை கெட்டால் விமானம் இறங்காது. நெஞ்சுவலியோடு ஒருவர் கட்டிலில் கிடக்க, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியென்று நகரத்தில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம்.

கர்ப்பிணிகள் 36, 38 வாரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும். சூ லுக்அவுட்டிலோ தண்டர்பேயிலோ விடுதியில் தங்கி, வலி வரும்வரை காத்திருப்பார்கள். 2017 வரை, துணைக்கு ஒருவர் வருவதற்கான பயணச் செலவை மத்திய அரசு கொடுக்கவில்லை. முதல் பிள்ளையை, அம்மாவும் இல்லாமல் கணவனும் இல்லாமல், மொழி தெரியாத தாதிகள் நடுவில் பெற்றவர்கள் ஏராளம். எங்கள் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். பத்தியச் சாப்பாடும், பாட்டியின் கைப்பக்குவமும், வீடு நிறையச் சனமும். அங்கே அது எதுவும் இல்லை.

மருதம் சொன்ன 'யாருடைய வேலை' என்ற கேள்விக்கு ஒரு பிள்ளையின் பெயரிலேயே ஒரு கோட்பாடு வந்திருக்கிறது. மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிறீ சமூகத்தில் 1999இல் பிறந்த ஜோர்டான் என்ற பையன். சிக்கலான நோய்களோடு பிறந்ததால் வின்னிப்பெக் ஆஸ்பத்திரியில் இருந்தான். இரண்டு வயதில் டொக்டர்கள், வீட்டுச் சூழலில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு கொடுப்பதா மாகாணம் கொடுப்பதா என்று தொடங்கிய இழுபறி முடியவேயில்லை. 2005இல், ஐந்து வயதில், ஆஸ்பத்திரியிலேயே அவன் இறந்துபோனான். ஒரு நாள் கூட ஒரு வீட்டில் படுத்துறங்காத பிள்ளை.

முதலில் பிள்ளைக்குத் தேவையானதைக் கொடுத்துவிட்டு, பணக் கணக்கைப் பிறகு அரசுகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஜோர்டான் கோட்பாடு. 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை! ஆனால் 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம், பனங்கூடல் சொன்ன அந்த முறைப்பாட்டில் தீர்ப்புச் சொன்னபோது, அந்தக் கோட்பாட்டை அரசு உருப்படியாகச் செயற்படுத்தவேயில்லை என்று எழுதியது. 2019இல் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 40,000 டொலர் கொடுக்கச் சொன்னது. அதையும் எதிர்த்து அரசு வழக்குக்குப் போனது. கடைசியில் 23.3 பில்லியன் டொலர் உடன்பாட்டை 2023 அக்டோபரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முறைப்பாடு கொடுத்து 16 ஆண்டு. அன்று தொட்டிலில் இருந்த பிள்ளைக்கு இன்று வாக்குரிமை வரும் வயது.

#5 பொருநை

வணக்கம் அக்கா, அண்ணா. நான் தண்டர் பேயில் படிக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இதுவரை இங்கே படித்துவிட்டு மட்டும் போவேன், இன்றுதான் எழுதுகிறேன்.

வடக்கே இருக்கும் பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளியே கிடையாது. 13, 14 வயதுப் பிள்ளைகள் வீட்டை விட்டு இந்த நகரத்துக்கு வந்து, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். அப்படி வந்தவர்களில் ஏழு பேர் 2000க்கும் 2011க்கும் இடையில் இறந்துபோனார்கள். ஐந்து பேருடைய உடல்கள் ஆற்றில் கிடைத்தன. ஏழு மரணங்களையும் சேர்த்து விசாரித்து, 2016இல் நடுவர் குழு 145 பரிந்துரை கொடுத்தது. 2018இல் மாகாணத்தின் போலீஸ் மேற்பார்வை அலுவலகம், தண்டர் பே போலீஸ் பூர்வகுடிகளின் மரணங்களை விசாரித்த விதத்தில் அமைப்பு முழுக்கவே இனவெறி இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. ஒன்பது மரணங்களை மறுபடி விசாரிக்கச் சொன்னது.

வந்த புதிதில் நான் வாடகைக்கு அறை தேடினேன். போனில் பேசிய ஒரு வீட்டுக்காரர் நான் எந்த இனம் என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வந்த மாணவன் என்றதும் குரலே மாறிவிட்டது. 'இங்கத்து நேட்டிவ் ஆட்களுக்கு நான் கொடுப்பதில்லை' என்றார். எனக்கு அறை கிடைத்தது. ரொம்ப நாள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பணக்காரப் பன்மைப் பண்பாட்டு நாட்டில் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்கு, இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

#6 செல்வன்77

தம்பி பொருநை, நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது. தாதி அக்காவின் பதிவும்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இவ்வளவு பில்லியன் செலவழித்தும் சில நூறு பேர் வாழும் இடத்துக்குத் தண்ணீர் கொடுக்க முடியவில்லை என்றால் அது தூரத்தின் பிரச்சினை இல்லையா? சாலை இல்லாத இடத்தில் எதைக் கட்டினாலும் இரட்டைச் செலவு. விரும்புகிறவர்களை நகரத்துக்குப் பக்கத்தில் வசதியோடு குடியமர்த்தினால் என்ன? கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்பது இது.

#7 மருதம்

அண்ணை, நேரே கேட்டதற்கு நன்றி. நிறையப் பேர் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி.

தூரம்தான் காரணம் என்றால் ஷோல் லேக் 40 என்ற சமூகத்தின் கதையைப் பாருங்கள். ஒன்ராறியோ, மனிற்றோபா எல்லையில் இருக்கிறது. 1919 முதல் வின்னிப்பெக் நகரம் முழுவதும் அந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. 150 கிலோமீற்றருக்கு மேல் நீர்க்கால்வாய் வெட்டிக் கொண்டுபோனார்கள். அந்த வேலைக்காக அங்கிருந்த மக்களை அவர்கள் ஊரை விட்டு எழுப்பி ஒரு மூலைக்குத் தள்ளி, குறுக்கே கால்வாய் வெட்டி, அவர்கள் இருந்த நிலத்தைத் தீவாக்கிவிட்டார்கள். நூறு ஆண்டு அவர்களுக்குச் சாலை இல்லை. 2019இல்தான் சாலை திறந்தது. 1997 முதல் 2021 செப்ரெம்பர் வரை அவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடித்தார்கள். நகரத்துக்கு 1919இலேயே தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அந்தத் தண்ணீரின் கரையில் இருந்தவர்களுக்கு 2021இல்தான் சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

சாலை வந்தபின் இரண்டு ஆண்டில் நிலையம் கட்டி முடிந்துவிட்டது, 33 மில்லியன் டொலரில். ஒரு நகரசபை அதைவிடப் பெரிய தொகையை ஒரு மேம்பாலத்துக்குச் செலவழிக்கும்.

இடம்மாற்றுவது பற்றி. 'இங்கே இருந்தால் உங்களுக்கு எதிர்காலம் இல்லை, எங்களிடம் வாருங்கள்' என்று சொல்லித்தான் 150,000 பிள்ளைகளை வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோனார்கள். கடைசிப் பாடசாலை மூடியது 90களின் பின்பாதியில். நீங்களும் நானும் அப்போது இந்த நாட்டில் இருந்தோம். வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட எங்கள் சனத்திடம், 'கொழும்பில் வசதியான வீடு தருகிறோம், காணியை விட்டுவிடுங்கள்' என்றால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

#8 இழை நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒரு இனத்தையே குடிகாரர், சோம்பேறி என்று எழுதுவதற்கு இங்கே இடமில்லை. கேள்வி கேட்கலாம், செல்வன் கேட்டதுபோல. தொடருங்கள்.

#9 கரைசேர்ந்தவன்

நான் ஈழத்தமிழ் அகதிகளை ஏற்றிவந்த சன் சீ கப்பலில் வந்தவன். இதைப் பற்றி இணையத்தில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். முதற்குடிகளின் துன்பத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் எழுதவில்லை, அது வேறு அளவு. ஆனால் செல்வன் அண்ணை வந்த காலத்து வரவேற்பும் நாங்கள் வந்த காலத்து வரவேற்பும் ஒன்றல்ல. அதை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி வன்கூவர் தீவின் எஸ்குவிமால்ட் துறைமுகத்துக்குக் கப்பலைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் 492 பேர். அதில் 63 பேர் பெண்கள், 49 பேர் பிள்ளைகள். வழியில் ஒருவர் இறந்துபோனார். கரையைக் கண்டபோது அழுதவர்கள்தான் அதிகம். நாங்கள் இறங்குவதற்கு முன்பே அமைச்சர் எங்களில் பயங்கரவாதிகளும் ஆட்கடத்துபவர்களும் இருப்பதாகப் பேசிவிட்டார். நாங்கள் யார் என்று அப்போது ஒருவரும் எங்களைக் கேட்டிருக்கவில்லை.

ஆண்களைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அகதி முகாம் என்று நினைத்தோம், உண்மையான சிறை. தாய்மாரையும் பிள்ளைகளையும் இளங்குற்றவாளிகளுக்கான தடுப்பு நிலையத்தில் வைத்தார்கள். முதலில் 48 மணிநேரத்தில், பிறகு 7 நாளில், அப்புறம் 30 நாளுக்கு ஒருதடவை விசாரணை. ஒவ்வொரு தடவையும் 'அடையாளம் உறுதியாகவில்லை' என்ற அதே பதில். அடையாளம் காட்டும் கடதாசிகள் முள்ளிவாய்க்காலில் எரிந்துபோனவை. குற்றவாளிக்கு இத்தனை மாதம் என்று தண்டனை சொல்வார்கள், அவன் சுவரில் கீறிக் குறைத்துக்கொண்டு வரலாம். எங்களுக்கு எதிலிருந்து குறைப்பது என்று தெரியாது.

கனடா எனக்கு வாழ்வு தந்தது. இன்று எனக்கு வேலை, வீடு, பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

#10 சட்டத்துணை

கரைசேர்ந்தவன், எழுதியதற்கு நன்றி. நீங்கள் விட்ட இடத்திலிருந்து சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இன்றைக்கும் கனடாவில் குடிவரவுத் தடுப்புக் காவலுக்கு உச்சவரம்பு இல்லை. 30 நாளுக்கு ஒருதடவை மறுபரிசீலனை உண்டு, இத்தனை மாதத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது என்ற எல்லை இல்லை. எல்லைக் காவல் முகமைக்குமேல் சுதந்திரமான முறைப்பாட்டு ஆணையம் அமைக்கும் சட்டமே 2024 அக்டோபரில்தான் நிறைவேறியது. குடிவரவுக் கைதிகளை மாகாணச் சிறைகளில் வைக்கும் ஒப்பந்தத்தை 2022இல் முதலில் பிரிட்டிஷ் கொலம்பியா கைவிட்டது. பிறகு பத்து மாகாணங்களும் விலகின. மனித உரிமை அமைப்புகளின் தொடர்ந்த உழைப்புக்குக் கிடைத்த வெற்றி அது. அதற்கு மத்திய அரசின் பதில், 2024இல் சட்டத்தைத் திருத்தி மத்திய சிறைகளைப் பயன்படுத்த வழிசெய்துகொண்டது.

சன் சீயைக் காட்டி 2012இல் கொண்டுவந்த சட்டம் அதைவிட மோசம். ஒரு கூட்டமாக வருபவர்களை 'குறித்த வெளிநாட்டவர்' என்று அமைச்சர் அறிவித்தால், 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டாயக் காவல். முதல் மறுபரிசீலனைக்குப் பிறகு அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். அகதி என்று ஏற்றுக்கொண்டாலும் ஐந்து ஆண்டு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, ஆகவே மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. எங்களைக் காட்டிச் செய்த அந்தச் சட்டத்தின் அறிவிப்பு முதலில் விழுந்தது ருமேனியாவிலிருந்து வந்தவர்கள்மேல்.

நல்ல பக்கமும் சொல்ல வேண்டும். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சன் சீ, ஓஷன் லேடி என்ற இரண்டு கப்பல்களில் வந்த தமிழர்களின் வழக்குகளிலும், அகதிகள் தப்பிவரும்போது ஒருவருக்கொருவர் செய்யும் உதவியையும் குடும்பத்தவருக்குச் செய்யும் உதவியையும் ஆட்கடத்தல் என்று பிடிக்க முடியாது என்றது. சமைத்துக் கொடுத்தவர், கப்பலில் காவலுக்கு நின்றவர் எல்லாரையும் கடத்தல்காரர் என்று சொன்ன வாதம் அத்தோடு விழுந்தது.

#11 ரம்யா

லீமிங்ரனிலிருந்து எழுதுகிறேன். ஒன்ராறியோவின் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் பெரும்பாலும் இங்கத்துக் கண்ணாடி வீடுகளிலிருந்து வருபவை. நான் ஒரு பண்ணையில் சம்பளக் கணக்குப் பார்த்தேன்.

மெக்சிக்கோ, ஜமெய்க்கா, குவாத்தமாலா ஆட்கள். பருவகாலத் தொழிலாளர் திட்டம் 1966 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு எட்டு மாதம்வரை இங்கே, மிச்சம் ஊரில். இருபது ஆண்டு தொடர்ந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், நிரந்தர வதிவிடத்துக்கு வழி இல்லை. வேலை அனுமதியில் ஒரே ஒரு முதலாளியின் பெயர் இருக்கும். அந்த முதலாளியே தங்குமிடமும் கொடுப்பார். சண்டை வந்தால் வேலையும் கூரையும் விசாவும் ஒரே நாளில் போய்விடும். நான் பார்த்த இடத்தில், கை வெட்டுப்பட்ட ஒருவர் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். 'முறைப்பாடு கொடுங்கள்' என்றேன். 'அடுத்த வருடம் என் பெயரைக் கூப்பிட மாட்டார்கள்' என்றார். அவ்வளவுதான் உரையாடல்.

2023இல் ஐ.நா.வின் நவீன அடிமைமுறை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் ரொமோயா ஒபொகாட்டா இங்கே வந்து பார்த்துவிட்டு, இந்தத் திட்டங்கள் தற்கால அடிமைமுறைக்கு விளைநிலமாக இருக்கின்றன என்றார். ஒட்டாவாவில் கொஞ்சம் சத்தம் எழுந்து அடங்கியது. ஒன்ராறியோவில் பண்ணைத் தொழிலாளருக்கு மற்றவர்களைப் போலச் சட்டப்படி கூட்டுப்பேரம் பேசும் உரிமையோ வேலைநிறுத்த உரிமையோ கிடையாது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அவர்களுக்கென்று போட்ட தனிச் சட்டம் செல்லும் என்றுவிட்டது. வேலைக்காப்புறுதிக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலை முடிந்ததும் நாட்டை விட்டுப் போய்விடுவதால் வழமையான கொடுப்பனவை வாங்க முடியாது. அந்தக் கழிவை ஒவ்வொரு கிழமையும் நான்தான் கணக்கில் பதிந்தேன்.

எங்கள் ஆட்களும் இப்போது இதில் மாட்டுகிறார்கள். எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்குத் தேவையான அரசு அனுமதி) வாங்கித் தருகிறோம் என்று பல்லாயிரம் டொலர் கேட்கிறவர்களில் தமிழர்களும் உண்டு. வேலைக்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது சட்டவிரோதம். கொடுத்தவர் வாய் திறந்தால் தன் விசாவும் போகும் என்று பயப்படுகிறார், ஆகவே வாங்கியவர் நிம்மதியாக இருக்கிறார். துன்புறுத்தப்படும் தொழிலாளருக்கு 2019 முதல் திறந்த வேலை அனுமதி கொடுக்கிறார்கள். யாருக்காவது தேவைப்பட்டால் தனிமடலில் கேளுங்கள், படிவத்தை நிரப்ப உதவுகிறேன்.

#12 செல்வன்77

ரம்யா தங்கச்சி எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் பாடசாலையில் துப்புரவு வேலை செய்பவர், அதனால் ஒன்று எழுதச் சொன்னார்.

2022 நவம்பரில் ஒன்ராறியோ அரசு 55,000 கல்விப் பணியாளர்கள்மேல் ஒப்பந்தத்தைத் திணித்து, வேலைநிறுத்தம் செய்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4,000 டொலர் வரை அபராதம் என்றது. நீதிமன்றம் போக முடியாதபடி சாசனத்தின் 33ஆம் பிரிவையும் சேர்த்துவிட்டது. இருந்தும் எல்லாரும் வெளியே வந்தார்கள். நானும் பதாகை பிடித்தேன். மற்றத் தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து மாகாணத்தையே நிறுத்துவோம் என்றதும் முதல்வர் பின்வாங்கினார். இரண்டு கிழமைக்குள் சட்டம் ரத்து. இந்த நாட்டில் எழுந்து நின்றால் கேட்கிறார்கள் என்பதற்கு நான் நேரே பார்த்த சாட்சி அது.

#13 பனங்கூடல்

அண்ணை, அந்தச் சாட்சியை வைத்துத்தான் நானும் கேட்கிறேன். 55,000 பேருக்கு இரண்டு கிழமை ஆனது. நெஸ்காந்தாகாவில் இருப்பவர்கள் சில நூறு. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் ரொறன்ரோவில் எது நிற்கும்? லீமிங்ரன் தொழிலாளிக்கு வாக்கே இல்லை. தடுப்புக்காவலில் இருப்பவனை யாரும் காணவே முடியாது.

உரிமைச் சாசனம் 1982இல் வந்ததே ஆள்பலம் இல்லாதவர்களுக்காக. 33ஆம் பிரிவு அதைத்தான் உடைக்கிறது. பேச்சு, மதம், சமத்துவம், கைதுக்கு எதிரான பாதுகாப்பு, இதில் எதையும் ஐந்து ஆண்டுக்கு ஒருதடவை புதுப்பித்துப் புதுப்பித்து ஒரு சாதாரண சட்டம் மீறலாம். கியூபெக் 2019இல் 21ஆம் சட்டத்தால் ஆசிரியர், பொலிஸ், அரசு வழக்கறிஞர் மத அடையாளம் அணியக்கூடாது என்றது. 2021 டிசம்பரில் செல்சி என்ற ஊரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவரை, தலைத்துணி அணிகிறார் என்பதற்காக வகுப்பிலிருந்து எடுத்தார்கள். அவருக்கு ஆதரவாகப் பாடசாலை வேலியில் பச்சை நாடா கட்டினார்கள். சட்டம் அசையவில்லை, 2024இல் 33ஆம் பிரிவைப் புதுப்பித்தார்கள். 2023இல் சஸ்கற்செவன் பாலின அடையாள விடயத்தில் மாணவர்கள்மேல் பயன்படுத்தியது. 2025 அக்டோபரில் அல்பேர்ட்டா 51,000 ஆசிரியர்களின் வேலைநிறுத்தத்தை இதே பிரிவால் முடித்தது, அங்கே அரசு பின்வாங்கவில்லை. எண்ணிக்கை கூடக் காப்பாற்றாத காலத்துக்கு வந்துவிட்டோம்.

#14 செல்வன்77

அல்பேர்ட்டா விடயம் எனக்கும் கவலைதான். நீதிமன்றங்கள்மேல் என் நம்பிக்கை குறையவில்லை, ஆனால் அவர்கள் கதவைப் பூட்ட ஒரு அரசுக்கு இவ்வளவு சுலபமாக முடியும் என்றால் அது சரியில்லை. மருதம், இதில் நாங்கள் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். ஸ்காபரோவில் எங்கள் வாக்குக்குக் கணக்கு இருக்கிறது.

#15 மருதம்

அண்ணை, அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். முதற்குடிகளுக்கான குடிநீர்ச் சட்டமூலம் சி-61, 2023 டிசம்பரில் வந்தது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்தபோது அதுவும் செத்துப்போனது. 2015இல் 105 நீண்டகால எச்சரிக்கைகள் இருந்தன, ஐந்து ஆண்டில் எல்லாம் முடிப்போம் என்றார் ட்ரூடோ. 140க்கு மேல் நீக்கியிருக்கிறார்கள், அது உண்மையான வேலை. ஆனால் புதிதாகவும் வருகின்றன, நெஸ்காந்தாகா அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கும் மரபுத்திங்கள் விழாவுக்கும் எங்கள் மேடைகளில் வந்து வணக்கம் சொல்லும் ஒவ்வொரு எம்.பி.யிடமும் இந்தக் குடிநீர்ச் சட்டம் எங்கே என்று கேட்டு எழுதுவோம். தமிழ்ப் பிரச்சினைக்கு மட்டும் எழுதுகிறவர்கள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும். சட்டத்துணை, கடிதத்தைப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?

#16 சட்டத்துணை

தருகிறேன். சட்டம் திரும்ப வந்தால் தண்ணீரின் மூலத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வடமேற்கு ஒன்ராறியோவின் கிராசி நரோஸ் முதற்குடி மக்களின் ஆற்றில் 60களில் ட்ரைடன் காகித ஆலை கொட்டிய பாதரசம் இன்றும் மீனில் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் மட்டும் கட்டினால் அதற்கு மருந்தில்லை.

#17 பொருநை

வாக்கு இல்லாத மாணவர்களும் கையெழுத்துப் போடலாமா?

#18 சட்டத்துணை

எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் தாராளமாகப் போடலாம், தம்பி. அந்தத் தொகுதியில் வசிப்பவர் என்று முகவரி எழுதுங்கள், போதும்.

#19 வடதிசைத் தாதி

கடிதத்தில் இதையும் சேருங்கள். நிலையம் கட்டுவதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அதை இயக்குபவரின் சம்பளத்தைப் பற்றியும் கேளுங்கள். நீண்ட காலம் மத்திய அரசு பராமரிப்புச் செலவில் 80 வீதத்தைத்தான் கொடுத்தது, 2020 கடைசியில்தான் முழுவதும் தருவதாக அறிவித்தது. ஊர்ப் பெடியன் ஒருவன் படித்து, சான்றிதழ் எடுத்து, நிலையத்தைத் தனியாளாக இரவு பகலாகப் பார்ப்பான். பக்கத்து நகரசபை அதே வேலைக்குக் கூடுதலாகச் சம்பளம் கொடுக்கும், அவன் போய்விடுவான், அடுத்த மாதம் பம்ப் பழுதாகும், திரும்பவும் எச்சரிக்கை போடுவார்கள். ஒரு ஊருக்கு இரண்டு இயக்குநர், நகரத்துக்குச் சமமான சம்பளம் என்று எழுதுங்கள். என் பெயரையும் போடுங்கள்.